மாலை போட்ட வீட்டு அடுக்களை: 41 நாளும் குடும்பமே சேர்ந்து விரதம் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் செங்கோட்டைப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டிலாவது சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இது 16 வருஷமாக நடக்கிறது. முதலில் கணவர், பிறகு பெரியவன், போன வருஷம் சின்னவனும். ஒவ்வொரு ஐப்பசிக் கடைசியிலும் புதிதாக மாலை போடப்போகும் வீட்டுப் பெண்கள் யாராவது வந்து கேட்பார்கள்: "அக்கா, சாமிக்குத் தனியாத்தான் சமைக்கணுமா?"

வேண்டாம். வீட்டில் ஒருவர் மாலை போட்டால் அடுக்களையும் மாலை போட்ட மாதிரிதான். ஒரே அடுப்பு, ஒரே சமையல், ஒரே பந்தி. தனித்தனியாகச் சமைக்கப் போன வீடுகளில் பத்தாம் நாளே சமைப்பவர் சோர்ந்துபோவதையும், மாலை போட்ட சாமி மட்டும் மூலையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறேன். இதில் சமையலை விட வரிசைதான் முக்கியம். எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் 41 நாளும் பாரமாக இருக்காது.

1. மாலை போடுவதற்கு 10 நாள் முன்பு: குருசாமியிடம் மூன்று கேள்வி

கடைக்குப் போவதற்கு முன்னால், மாலை போட்டுவிடும் குருசாமியிடம் போங்கள். வெங்காயம், பூண்டு உண்டா இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு? வெளியில் டீ, காபி குடிக்கலாமா?

மீன், இறைச்சி, முட்டை, மது கூடாது என்பதில் எங்கும் மாற்றம் கிடையாது. மற்றவை குருசாமிக்குக் குருசாமி மாறும். ஒருவர் வெங்காயமே ஆகாது என்பார், இன்னொருவர் சின்ன வெங்காயம் பரவாயில்லை என்பார். அக்கம்பக்கத்தில் கேட்டு ஆரம்பித்துவிட்டு, இருபதாம் நாள் குருசாமி சொல்லி மாற்றினால் வீட்டில் எல்லோருக்கும் மனக்கஷ்டம். முதலிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி, அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நாள் கணக்கையும் அப்போதே போட்டுவிடுங்கள். கார்த்திகை 1, அதாவது நவம்பர் 16 அல்லது 17 அன்று மாலை போட்டால், டிசம்பர் 26 அல்லது 27 அன்று வரும் மண்டல பூஜையோடு 41 நாள் நிறையும். மகரவிளக்குக்குப் போகிறவர்கள் ஜனவரி 14 அல்லது 15 வரை விரதத்தை நீட்ட வேண்டும். மளிகை வாங்குவதும், பால்காரரிடம் சொல்லி வைப்பதும், அன்னதானத்துக்கு நாள் குறிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் இருக்க நினைத்தால், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். என் மாமனார் மூன்றாம் நாள் காலையில் பூஜை அறை வாசலிலேயே வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். வெல்லத் தண்ணீர் கொடுத்து, ஒரு வாய் கஞ்சி கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அதற்குப் பிறகு அவருக்கு மூன்று வேளையும் சைவச் சாப்பாடுதான். விரதம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

2. 5 நாள் முன்பு: பிரிட்ஜில் இருந்து தொடங்குங்கள்

எல்லோரும் வீட்டைக் கழுவி விடுவார்கள், பூஜை அறைக்கு வெள்ளை அடிப்பார்கள். பிரிட்ஜை மட்டும் கடைசி நாள் ராத்திரி வரை மறந்துவிடுவார்கள். ஃப்ரீசரில் மீன் கிடக்கும். அதை அவசரமாக வறுத்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் விடியற்காலையில் மாலை போடப் போவார்கள். அப்படி வேண்டாம். ஐந்து நாள் முன்பே அசைவத்தை நிறுத்திவிட்டால் பாத்திரத்திலும் பலகையிலும் உள்ள வாடை போக நேரம் கிடைக்கும்.

முதலில் பிரிட்ஜைக் காலி செய்து, சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து, அரை நாள் திறந்து வையுங்கள். கதவு ரப்பர் மடிப்புக்குள் விரல் விட்டுத் துடைக்க வேண்டும், வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் மிக்சி ஜார். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால், போன மாதம் அரைத்த மீன் மசாலா உங்கள் தேங்காய்த் துவையலில் வந்து நிற்கும். மீன் மசாலா, கருவாடு, கறிமசாலா டப்பாக்களை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டி மாடியில் வைத்துவிடுங்கள். கண்ணில் படாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீன் வைத்த மண்சட்டியை எத்தனை தடவை கழுவினாலும் சரிப்படாது. மண்சட்டி எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை எடுத்து வைத்துவிட்டு, விரதத்துக்கென்று புதுச் சட்டி ஒன்று வாங்குங்கள். இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகு அடுப்பில் ஏற்றலாம்.

பழைய இட்லி மாவை விரதத்துக்குள் கொண்டுவராதீர்கள். முதல் நாள் காலைக்குப் புது மாவு. அதற்கு முந்தின நாள் மதியமே ஊறப்போட வேண்டும், கார்த்திகைக் குளிரில் மாவு புளிக்க நேரமாகும்.

3. மளிகை: எதை எப்போது வாங்குவது

41 நாளுக்கும் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். இந்தப் பக்கம் கார்த்திகை மழைக்காலம். பயறு பூத்துப்போகும், அவல் நமுத்துப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரக் கணக்கு இது: துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ, தட்டாம்பயறு (காராமணி) ஒரு கிலோ, கொண்டைக்கடலை ஒரு கிலோ, வேர்க்கடலை அரை கிலோ, வெல்லம் இரண்டு கிலோ, தேங்காய் 12. மற்றது எப்போதும் போல. பயறுகளின் அளவு கூடுதலாகத் தெரியலாம். அது ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

சேனை, நேந்திரங்காய், மஞ்சப்பூசணி, தடியங்காய் (வெண்பூசணி) நாலும் வெட்டாமல் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கீரையும் முருங்கைக்காயும் மட்டும் அன்றன்றைக்கு. மார்கழி பிறந்ததும் சிறுகிழங்கு வரத் தொடங்கும், விடாதீர்கள். தோலைச் சீவிக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு சாக்குப்பையில் போட்டு, தண்ணீரில் நனைத்துத் தரையில் தேய்த்தால் தோல் தானாகப் போய்விடும்.

4. வெங்காயத்தை எடுத்துவிட்டுச் சமைக்காதீர்கள். வெங்காயமே இல்லாத சமையலைச் சமையுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமான சாம்பார், வழக்கமான புளிக்குழம்பு, வழக்கமான குருமாவிலிருந்து வெங்காயத்தையும் பூண்டையும் உருவிவிட்டுச் சமைக்கிறார்கள். குழம்பு வெறிச்சென்று இருக்கும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். "விரதச் சாப்பாடுன்னா இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் பேச்சு வந்துவிடும்.

நாம் இருப்பது கேரள எல்லையோரம். புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. இந்தப் பக்கத்து அடுக்களைகளில் இரண்டு ஊர்ச் சமையலும் கலந்துதான் இருக்கிறது. எரிசேரி, ஓலன், காளன், புளிசேரி, அவியல், கூட்டுக்கறி எல்லாம் வெங்காயம், பூண்டு இல்லாமலே நிறைவாக இருப்பவை. நம் பக்கத்து மோர்க்குழம்பு, மிளகு குழம்பு, பொரிச்ச குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பும் அப்படியே செய்யலாம். இந்தப் பத்தையும் மாற்றி மாற்றிச் செய்தால் 41 நாளில் ஒருநாளும் குறை தெரியாது. சாம்பாரை வாரம் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கும் மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், தேங்காய் வறுத்து அரைத்து விடுங்கள். கடைப் பொடி போதாது.

இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தவறுகள் பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கின்றன.

எரிசேரி. ஐந்து பேருக்கு மஞ்சப்பூசணி அரை கிலோ, தட்டாம்பயறு அரை டம்ளர், ஒரு தேங்காய். பயறை ராத்திரியே ஊறப்போட்டு, முதலில் தனியாக வேகவைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பூசணி கரைந்துபோகும், பயறு கல்லாக நிற்கும். பயறு விரலில் நசுங்கும் பதம் வந்த பிறகு பூசணி, மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், உப்பு. பூசணிக்கு ஏழெட்டு நிமிஷம் போதும். அரைத் தேங்காயைச் சீரகமும் பச்சை மிளகாயும் வைத்துக் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள்.

இதற்கு உயிர் மீதி அரைத் தேங்காயில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் கடுகு, வற்றல், கறிவேப்பிலை தாளித்து, துருவலைப் போட்டுச் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஈரம் வற்றும் சத்தம் வரும். பிறகு மஞ்சள் நிறமாகும். புதியவர்கள் எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இன்னும் மூன்று நாலு நிமிஷம் கை விடாமல் கிளறினால் செங்கல் நிறம் வரும், பக்கத்து வீடு வரை வாசனை போகும். அந்த நேரத்தில் சட்டென்று எரிசேரியில் கொட்டி மூடிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் சூட்டிலேயே கருகிவிடும். வெங்காயம் வதக்கினால் கிடைக்கும் அந்த இனிப்பும் மணமும் இந்தத் தேங்காயில் கிடைத்துவிடும்.

புளிசேரி. தடியங்காயை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அரை லிட்டர் புளித்த தயிரைத் தண்ணீர் விடாமல் கட்டியில்லாமல் கடைந்துகொள்ளுங்கள். தயிர் ஊற்றும் முன்பு தீயைக் குறைத்துவிட வேண்டும். ஊற்றிய பிறகு கரண்டியை எடுக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கும். அதுதான் பதம், கொதிக்கக் கூடாது. இறக்கிய பிறகும் ஒரு நிமிஷம் கிளறுங்கள். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் கீழே இறக்கி வைத்த பிறகும் தயிர் திரிந்துபோகும். இறக்கியாயிற்று என்று திரும்பிப் பார்க்காமல் விட்டவர்களுக்குத்தான் புளிசேரி தண்ணீர் வேறு, தயிர் வேறாக நிற்கிறது.

5. காலை ஆறு மணிக்குள்: வரிசை

குளியல், விளக்கு, அடுப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சாமி எழுந்து குளித்து சரணம் சொல்லி முடிக்கும்போது நைவேத்தியம் தயாராக இருக்க வேண்டும். அதனால் சமைக்கிறவர் அரை மணி நேரம் முந்தி எழுந்தாக வேண்டும். தினமும் பொங்கல் செய்ய வேண்டியதில்லை. பால், பழம், அவல் வெல்லம், ஒரு நாள் பாசிப்பருப்புச் சுண்டல் என்று எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நைவேத்தியம் புதன், சனிக்கிழமைகளுக்கு இருக்கட்டும்.

நைவேத்தியம் ஆகும் முன் ருசி பார்க்கக் கூடாது. அப்படியானால் உப்பு? எல்லோரும் தடுமாறும் இடம் இது. கைக்கணக்கை விட்டுவிட்டு அளவுக் கரண்டிக்கு வாருங்கள். ஒரு லிட்டர் குழம்புக்குத் தூள் உப்பு தலை தட்டி இரண்டு தேக்கரண்டி. அரை கிலோ காயில் பொரியலுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. தயிர் சேரும் குழம்புக்கு ஒன்றரைதான், புளிப்பு உப்பைத் தூக்கிக் காட்டும். கல்லுப்பு பழகியவர்கள் முதல் வாரம் மட்டுமாவது தூளுப்புக்கு மாறுங்கள். கல்லுப்பு படிகத்துக்குப் படிகம் அளவு மாறும். குறைந்தால் பந்தியில் சேர்த்துக்கொள்ளலாம், கூடிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது வயிறு. முதல் வருஷம் என் கணவர் சோறு, ரசம், மோர், அப்பளம் என்றே ஓட்டினார். கார்த்திகைக் கடைசியில் ஆளே மெலிந்துபோனார். வேலைக்குப் போய்வந்தால் படுத்துவிடுவார். மீனும் முட்டையும் நின்றுபோனதற்குப் பதிலாகப் பருப்பும் பயறும் உள்ளே போகவில்லை. பம்பையிலிருந்து சன்னிதானம் வரை ஏற்றம், பெருவழிப்பாதை என்றால் எருமேலியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் காட்டு நடை. அதற்கு உடம்பைத் தயார் செய்வது இந்த 41 நாள் சாப்பாடுதான்.

அதனால் தினமும் ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி பருப்பு, ஒரு கைப்பிடி பயறு, ஒரு பெரிய டம்ளர் தயிரோ மோரோ. இது குறையாமல் பார்த்துக்கொண்டால் மற்றது எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம். ராத்திரி படுக்கும் முன்பு ஒரு பயறு ஊறப்போட்டுவிடுங்கள்: திங்கள் தட்டாம்பயறு, செவ்வாய் கொண்டைக்கடலை, புதன் பாசிப்பயறு என்று. கிழமையோடு சேர்த்துவிட்டால் மறக்காது. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ. கீரை சாப்பிடும் பந்தியிலேயே எலுமிச்சை ஊறுகாயோ நெல்லிக்காயோ இருக்கட்டும், கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டுவதற்கு அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், அது அதைத் தடுக்கும்.

பிள்ளைகளின் டிபன் டப்பாவும் இதே அடுப்பிலிருந்துதான் போக வேண்டும். எலுமிச்சை சாதமும் கொண்டைக்கடலைச் சுண்டலும், சப்பாத்தியும் பாசிப்பருப்புக் கூட்டும், புளியோதரையும் வறுத்த வேர்க்கடலையும் என்று கட்டுங்கள். மாலை போடாத பெரிய பையன் பிரானூர் பார்டர் வழியாகப் போகும்போது புரோட்டாக் கடை வாசனை இழுக்கத்தான் செய்யும். அவனைத் திட்டாதீர்கள். சாயங்காலம் அவன் வரும் நேரத்துக்குச் சூடாக உளுந்த வடையோ பழம்பொரியோ இருந்தால் போதும். பசியோடு தெருவில் நிற்கிற பிள்ளைதான் வழிமாறுவான்.

6. சாயங்காலம்: விளக்கும் சுண்டலும்

காலையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்போம். குடும்பம் சேர்ந்து உட்காருவது சாயங்காலம்தான். அதை ஒரே நேரத்தில் வையுங்கள், எங்கள் வீட்டில் ஏழு மணி. நேரம் தள்ளித் தள்ளிப் போனால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பத்து நாளில் சாமி மட்டும் தனியாகச் சரணம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். சின்னவளுக்குப் பூ பறிப்பது, பெரியவனுக்கு விளக்குத் திரி போடுவது, தாத்தாவுக்குச் சரணம் முன்னால் எடுத்துக்கொடுப்பது. 108 சரணமும் முதல் நாளே வேண்டாம். முதல் வாரம் 18, அப்புறம் கூட்டிக்கொண்டே போங்கள். 18 படியைக் கணக்கு வைத்துச் சொல்ல ஆரம்பித்த பிள்ளை, மூன்றாவது வாரம் தானே அடுத்த சரணத்தைக் கேட்கும்.

சுண்டலைப் பூஜை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போக வேண்டாம். அந்த கால் மணி நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் நடந்தது, கடையில் நடந்தது எல்லாம் பேச்சில் வரும். கணவரை "சாமி" என்று கூப்பிடுகிற அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததில்லை. சாமி என்று கூப்பிட்டுவிட்டுச் சண்டை போட வாய் வராது.

7. அந்த மூன்று நாட்கள்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை. நாள் வந்த பிறகு வீடே திகைத்து நிற்கும். வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு வரும்போது அவர் அடுக்களைக்கு வராத வழக்கம் உள்ள வீடுகளே இந்தப் பக்கம் அதிகம். சில வீடுகளில் சாமி கோயிலிலோ குருசாமி வீட்டிலோ தங்குவார். உங்கள் வீட்டு வழக்கத்தைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். யார் சமைப்பது என்பதை மட்டும் மாலை போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

என் முடிவு: சாமியே சமைக்கட்டும். அதற்காக முன்கூட்டியே கணவருக்கும் பிள்ளைக்கும் மூன்று சமையல் கற்றுக்கொடுத்துவிடுங்கள். மட்டை அரிசிக் கஞ்சியும் பாசிப்பயறுத் தொடுகறியும், பருப்பு சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும், உப்புமா. இவ்வளவு போதும். ஹோட்டலிலிருந்து வாங்கினால் எந்த எண்ணெய், எந்தப் பாத்திரம் என்று தெரியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் அந்தப் பெண்ணுக்கு மிச்சம் மீதியைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பதைச் சில வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். சூடான சாப்பாடு முதல் தட்டாக அவருக்குப் போக வேண்டும், கீரையும் பயறும் கூடுதலாக. 38 நாள் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டவர் அவர்தான்.

8. கன்னிப் பூஜைக்கு 40 பேர்

முதல் தடவை போகிற கன்னிச்சாமி வீட்டில் பூஜை வைத்து அன்னதானம் போடுவார்கள். சமையல்காரர் வைக்காமல் வீட்டிலேயே செய்ய முடியும்.

40 பேருக்கு: அரிசி 5 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ, காய் 3 கிலோ, அவியலுக்குக் காய் 5 கிலோ, தேங்காய் 6, தயிர் ஒரு லிட்டர், பாயசத்துக்குப் பாசிப்பருப்பு அரை கிலோ, வெல்லம் ஒரு கிலோ, தேங்காய் 4, மோருக்குத் தயிர் 3 லிட்டர், பப்படம் 60.

மத்தியானப் பந்திக்குக் காலை ஆறு மணிக்கு அடுப்பு ஏற வேண்டும். முதலில் பாயசத்துக்குப் பருப்பை வறுத்து, வேகவைத்து, வெல்லப்பாகு வரை முடித்து வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் மட்டும் பந்திக்கு அரை மணி முன்பு. அப்புறம் சாம்பார், அப்புறம் அவியல். அவியலை முன்னதாகச் செய்தால் தயிரும் தேங்காயும் சூட்டில் புளித்துப்போகும். சோறு கடைசி. சோற்றை வடித்து மணிக்கணக்கில் மூடி வைப்பதும் பெரிய பந்திகளில் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகிறது. பந்திக்குப் பந்தி வடியுங்கள்.

உப்புப் போட ஒரே ஆள். எங்கள் முதல் அன்னதானத்தில் நானும் போட்டேன், நாத்தனாரும் போட்டார். ருசி பார்க்க முடியாதபடியால் இலையில் விழும்வரை யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டுப் போனார்கள். எனக்கு இன்னும் அது மனதில் கிடக்கிறது. அதிலிருந்து உப்பு டப்பா ஒருவர் கையில்தான். அவர் போட்டதும் சட்டி மூடியில் ஒரு துளசி இலையை வைத்துவிடுவார். இலை இருந்தால் உப்புப் போட்டாயிற்று என்று அர்த்தம்.

அச்சன்கோவில், ஆரியங்காவு, குளத்துப்புழை என்று மூன்று கோயிலும் பார்த்துப் போகிற வெளியூர்ச் சாமிகள் குற்றாலத்தில் குளித்துவிட்டு இந்த வழியாகத்தான் வருவார்கள். பந்தியில் பத்து இலை அவர்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

9. நெய்யும் வழிச்சோறும்

இருமுடிக்கட்டு நிறைப்பது குருசாமி முன்னால் நடக்கும். ஆனால் அதற்கான வேலை இரண்டு நாள் முன்பே அடுக்களையில் தொடங்கும். கட்டில் வைக்கும் நெய்த்தேங்காய்க்கான நெய்யை வீட்டிலேயே உருக்கினால் நிம்மதி. வெண்ணெய் பொரிகிற சத்தம் முழுவதும் அடங்கிய பிறகுதான் இறக்க வேண்டும். சத்தம் இருந்தால் ஈரம் இருக்கிறது, ஈரம் இருந்தால் தேங்காய்க்குள் நெய் கெட்டு வாடை வரும். அடிக்கசடு இல்லாமல் துணியில் வடிகட்டுங்கள். ஒரு தேங்காய்க்கு 100 முதல் 150 மில்லி நெய் பிடிக்கும்.

தேங்காயை நார் போக வழுவழுப்பாகத் தேய்த்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து தண்ணீரை வடித்து, அரை நாள் கவிழ்த்து வையுங்கள். நெய் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஓடு விரிசல் விடலாம், உறைந்த நெய் உள்ளே இறங்காது. விரிசல் உண்டா என்று முதல் நாளே தண்ணீர் வடிக்கும்போது பார்த்துவிடுங்கள், ஒரு தேங்காய் கூடுதலாகத் தயாராக இருக்கட்டும்.

இருமுடியில் பிளாஸ்டிக் கூடாது. அரிசி, அவல், பொரி, வெல்லம், மஞ்சள் எல்லாம் துணிப்பையிலோ காகிதப் பொட்டலத்திலோ போக வேண்டும். வழிக்கு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவிய இட்லி, புளியோதரை. இரண்டையும் நன்றாக ஆறவிட்டு வாழை இலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னியும் தயிர் சாதமும் வழிக்கு ஆகாது. மலையேறும்போது கையில் இருக்க வறுத்த வேர்க்கடலை, பொரிகடலை, வெல்லம். ஏற்றத்துக்கு முன்பு வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மேலே போகும் வழியில் சுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், அதைக் குடித்துக்கொண்டே மெதுவாக ஏறலாம்.

10. சாமி மலையில் இருக்கும் நாட்களும், திரும்பிய பிறகும்

வாசலில் தேங்காய் உடைத்துக் கிளம்புகிறவர் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டார், திரும்பிப் பார்க்கவும் மாட்டார். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள், அப்பா பேசாமல் போகிறாரே என்று அழுவார்கள். அவர் வரும்வரை வீட்டில் சாயங்கால விளக்கும் சைவமும் அப்படியே நடக்க வேண்டும். சாமி கிளம்பியாயிற்றே என்று மீன் வாங்கிவிடாதீர்கள்.

திரும்பி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே பிரியாணிக்குப் போகிற வீடுகள் உண்டு. ஒன்றரை மாதம் பருப்பும் மோருமாகப் பழகிய வயிறு மறுநாள் படுத்தி எடுக்கும். முதல் நாள் சோறும் பருப்பும் ரசமும். இரண்டு நாள் கழித்து மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது தை பிறந்த பிறகும் வாரம் மூன்று நாள் அந்தப் பயறுக் கணக்கு நடக்கிறது, பிள்ளைகளே கேட்கிறார்கள்.

மலையிலிருந்து பிரசாதமாகக் கொண்டுவந்த அரவணைப் பாயசத்தை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதீர்கள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். டின்னைத் திறந்த அன்றைக்கே அக்கம்பக்கத்துக்கும், பந்தியில் பரிமாறியவர்களுக்கும், பால்காரருக்கும் ஒரு கரண்டி வீதம் வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, மீதியைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மாற்றி பிரிட்ஜில் வையுங்கள். அதே அரவணையை வீட்டில் செய்து பார்க்க நினைத்தால், அரிசி முழுக்க வெந்து மசிந்த பிறகுதான் வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது.